நண்பகலில் நிறுத்தச் சொல்வதை விட்டு, இரவுக்குக் கேளுங்கள்

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்காலத்தில் இலங்கை மின்சார சபை ஒரு வேண்டுகோள் விடுத்தது. கூரையில் சோலார் பொருத்தியவர்கள் ஏப்ரல் 13 முதல் 21 வரை பிற்பகல் 3 மணிவரை அதை நிறுத்தி வைக்க வேண்டும் என்பதே அது. இதற்கு மூன்று வருடங்களுக்கு முன், 2022 மார்ச் இறுதியில், இதே நாடு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டில் கிடந்தது. அன்று ஓர் அலகு மின்சாரத்துக்கு ஏங்கிய நாட்டில், சொந்தப் பணத்தைப் போட்டு அந்த அலகை உற்பத்தி செய்பவரிடமே நிறுத்தச் சொல்லும் நிலை எப்படி வந்தது என்பதை அக்குறணை போன்ற வியாபார ஊர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். ஏனென்றால் அந்தக் கூரைகளில் பல இங்கேதான் இருக்கின்றன.

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ஏ9 வீதியின் இரு மருங்கிலும் ஆறாம் கட்டையிலிருந்து எட்டாம் கட்டைவரை நெருக்கியடித்து நிற்கும் கடைகளைப் பாருங்கள். ஹார்ட்வெயார், புடவை, பலசரக்கு, பேக்கரி, ஃபார்மசி என எல்லாமே காலை முதல் இரவு வரை மின்சாரத்தில் ஓடுபவை. 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டது. இரண்டும் சேர்ந்து கட்டணத்தை ஏறக்குறைய மூன்று மடங்காக்கின. பின்னர் குறைந்தது, மீண்டும் கூடியது, மீண்டும் குறைந்தது. 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைத்தார்கள். ஜூனில் 15 சதவீதம் கூட்டினார்கள். அடுத்த ஆறு மாதத்துக்கு லைட் பில் என்னவாகும் என்று தெரியாத வியாபாரி, வங்கியில் கடன்பட்டு கூரையில் சோலார் பூட்டியதில் வியப்பில்லை. நாடு முழுவதும் இப்படிப் பூட்டப்பட்ட கூரைச் சோலாரின் கொள்ளளவு 1,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களையும் சேர்த்தாலும் 900 மெகாவாட்தான்.

மின்சார சபையின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொள்வோம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஏற்பட்ட ஒரு கோளாறு நாடு முழுவதையும் இருட்டாக்கியது. குரங்கொன்று கம்பிகளுக்குள் புகுந்ததே காரணம் என்று அமைச்சர் சொன்னதை ஊடகங்கள் பிடித்துக்கொண்டன. அதைவிட முக்கியமானது பொறியியலாளர்கள் சொன்ன விளக்கம். ஞாயிற்றுக்கிழமையில் அலுவலகங்களும் தொழிற்சாலைகளும் மூடியிருக்கும், தேவை குறைவு, வெயிலோ கொளுத்துகிறது. அந்த நேரத்தில் வலையமைப்பில் சோலாரின் பங்கு மிக அதிகமாகவும், சுழலும் பெரிய இயந்திரங்களின் பங்கு குறைவாகவும் இருக்கும். ஒரு நீர்மின் அல்லது அனல்மின் இயந்திரத்தின் பாரமான சுழலி, திடீர் அதிர்ச்சி வரும்போது சில வினாடிகளுக்குத் தன் வேகத்தால் அதைத் தாங்கும். சோலார் தகட்டில் சுழல்வது எதுவும் இல்லை. அன்று தாங்க ஆளில்லாமல் எல்லாமே ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. நுரைச்சோலை மீண்டும் முழுதாக எழும்வரை அடுத்த நாட்களிலும் மின்வெட்டு தொடர்ந்தது.

ஆகவே பிரச்சினை உண்மையானது. அதற்குக் கண்ட மருந்தைத்தான் நாம் ஏற்க மறுக்கிறோம்.

2016 செப்டெம்பர் 28ஆம் திகதி தென் ஆஸ்திரேலியா மாநிலம் முழுவதும் இருண்டது. புயல் கோபுரங்களைச் சாய்த்தது, காற்றாலைகள் தொடர்ந்து விலகின, வலையமைப்பு விழுந்தது. நம்முடையதைப் போலவே அங்கும் பழி புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தின் மேல்தான் விழுந்தது. ஆனால் அந்த மாநிலம் காற்றாலைகளை நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த வருடம் டிசம்பருக்குள் ஹோர்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் மின்கலத் தொகுதியைப் பூட்டியது. அதிர்ச்சி வந்தால் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மின்சாரத்தைக் கொட்டி அலைவெண்ணைப் பிடித்து நிறுத்துவதே அதன் முதல் வேலை. இலங்கையும் இந்தப் பாதையை அறியாமலில்லை. நாட்டின் 16 உபமின் நிலையங்களில் தலா 10 மெகாவாட் வீதம் மின்கலத் தொகுதிகளை அமைக்க மின்சார சபை கேள்விப்பத்திரம் கோரியது. அது நல்லது. ஆனால் பெரிய நிலையத்தில் பெரிய பெட்டரி என்பதோடு செயல் நின்றுவிடுகிறது. பாவனையாளரின் கட்டடத்துக்குள் அது இறங்கி வரவில்லை.

உண்மையில் செலவு கூடிய நேரம் எது? மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. சூரியன் மறைந்த பின் வீடுகளில் விளக்கு எரிய, கடைகளில் குளிர்சாதனம் ஓட, எண்ணெயில் இயங்கும் மின்னிலையங்களை அப்போதுதான் முடுக்கிவிட வேண்டியிருக்கிறது. நண்பகலில் ஒரு கடைக்காரர் தரும் அலகு சபைக்குத் தலையிடி. அதே அலகை இரவு எட்டு மணிக்குத் தந்தால் அது எண்ணெய்ச் செலவை மிச்சப்படுத்தும். இதை அரசாங்கமே விலையில் ஒப்புக்கொண்டிருக்கிறது. 2022 இறுதியில் அலகுக்கு 37 ரூபா கொடுத்த கூரைச் சோலார் திட்டத்தில், 2025 நடுப்பகுதியில் 20 முதல் 100 கிலோவாட் வரையான தொகுதிக்கு 17.46 ரூபா என்று நிர்ணயித்தார்கள். பெட்டரியில் சேமித்து உச்ச நேரத்தில் தருபவருக்கு 45.80 ரூபா என்றார்கள். இரண்டரை மடங்குக்கும் மேல்.

37 ரூபாவைத் திருப்பிக் கேட்பவர்களோடு நாம் நிற்கவில்லை. சோலார் தகட்டின் விலை சரிந்த பிறகும் அந்த விலையைக் கொடுத்தால், அந்தப் பணம் கூரையில்லாத, கடனெடுக்க வசதியில்லாத குடும்பத்தின் கட்டணப் பட்டியலிலிருந்துதான் வரும். பகல் விலையைக் குறைத்தது சரி. நாம் கேட்பது, இரவு விலையை உண்மையாக்க வேண்டும் என்பதை. விலையை அறிவித்தால் மட்டும் பெட்டரி வந்துவிடாது. மீற்றர், மின்மாற்றியின் இடவசதி, அனுமதி, கடன் இவை நான்கும் கூடிவர வேண்டும்.

கணக்கைச் சற்று பார்ப்போம். 40 கிலோவாட் சோலார் உள்ள ஒரு கடை நல்ல வெயிலில் நாளொன்றுக்கு 130 முதல் 150 அலகு வரை உற்பத்தி செய்யும். அதில் 50 அலகைப் பகலில் விற்காமல் பெட்டரிக்குள் போட்டு இரவுக்கு வைத்திருந்தால், இழப்புப் போக சுமார் 45 அலகு வெளிவரும். புதிய விலைகளின்படி பகலில் 873 ரூபா கிடைத்திருக்கும். இரவில் 2,061 ரூபா கிடைக்கும். நாளுக்கு ஏறக்குறைய 1,200 ரூபா மேலதிகம், வருடத்துக்கு நான்கு இலட்சத்துக்கு மேல். கண்டியில் எல்லா நாளும் வெயில் இல்லை. மழைக்காலத்தைக் கழித்தாலும் பெட்டரிக்கடனைக் கட்டத் துணிவு தரும் தொகை இது. அதைவிடப் பெரிய நன்மை இந்தக் கணக்கில் வரவே இல்லை.

இன்று சோலார் இருக்கிற கடைக்கும் கரண்ட் போனால் இருட்டுத்தான். சாதாரண இன்வேர்ட்டர், வெளிக்கம்பியில் மின்சாரம் இல்லையென்று கண்டதும் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். கம்பியைத் திருத்தப் போகும் ஊழியரின் உயிரைக் காக்க அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் விளைவு என்ன? கூரை முழுக்கத் தகடு வெயிலில் கிடக்க, கீழே டீசல் ஜெனரேட்டர் புகைவிட்டுக்கொண்டிருக்கும். இதைப் பார்த்துப் பழகிவிட்டதால் இதன் விபரீதம் நமக்குத் தெரிவதில்லை. ஹைபிரிட் இன்வேர்ட்டரும் பெட்டரியும் இருந்தால் கடை தன்னைப் பொதுக்கம்பியிலிருந்து பிரித்துக்கொண்டு தன் விளக்கையும் குளிர்சாதனப் பெட்டியையும் தானே ஓட்டும்.

அக்குறணைக்கு இது வசதியைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லை. பிங்கா ஓயா ஆறு பெருகி பஸாருக்குள் ஏறுவது இங்கே புதிதல்ல. தண்ணீர் வரும்போது மின்சாரத்தை முதலில் துண்டிக்க வேண்டியிருக்கும். தரைத்தளத்தில் வைத்த ஜெனரேட்டர் அந்த நேரத்தில் தண்ணீருக்குள் நிற்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது கண்டி மாவட்டம். மண்சரிவில் வீதிகள் அடைபட்டன, மின்கம்பங்கள் விழுந்தன, தொலைபேசிக் கோபுரங்கள் ஊமையாகின. மலைக்கு அப்பால் இருக்கும் உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க வழியில்லாமல் மக்கள் தவித்தார்கள். அப்படியான நாளில் ஊரின் மேட்டுப்பகுதியில் ஒரு பள்ளிவாசலோ பாடசாலையோ தன் சொந்த மின்சாரத்தில் நிற்குமானால், அங்கே தொலைபேசிக்கு சார்ஜ் ஏற்றலாம், இன்சுலினைக் குளிரில் வைக்கலாம், தண்ணீர் மோட்டாரை இயக்கலாம், சமையலுக்கு வெளிச்சம் கிடைக்கும். அனர்த்தம் வந்தால் இந்த ஊரில் சனம் முதலில் கூடுவது பள்ளிவாசலில்தான். நிவாரணப் பொதியும் அங்கிருந்துதான் கிளம்பும். அந்தக் கட்டடத்துக்கு மின்சாரமும் இருக்க வேண்டும் என்பது பேராசையா?

பள்ளிவாசலுக்கு வேறொரு பொருத்தமும் உண்டு. அதன் மின்பாவனை மஃரிபுக்குப் பிறகுதான் ஏறுகிறது. நோன்பு மாதத்தில் தராவீஹ் முடியும்வரை உச்சத்தில் நிற்கிறது. அதாவது நாட்டுக்கு மின்சாரம் மிக விலையாக இருக்கும் அதே நான்கு மணித்தியாலம். கூரையில் பகலெல்லாம் சேரும் வெயிலை அந்த நேரத்துக்கு வைத்திருப்பதற்கு இதைவிடத் தகுந்த கட்டடம் கிடைக்காது.

பெட்டரிக்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்றிருக்கிறது. அதை விற்பனையாளர்கள் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் அதில் அவர்களுக்கு இலாபம் குறைவு. அறுபது கூரை மின்விசிறி உள்ள ஒரு மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய விசிறி ஒன்றுக்கு சுமார் 75 வாட். பீஎல்டீசி மோட்டார் உள்ள புதிய விசிறிக்கு சுமார் 30 வாட். நான்கு மணித்தியாலம் ஓடினால் பழையவை 18 அலகு தின்னும், புதியவை 7.2 அலகு. மீதமாகும் அலகைச் சேமிக்க பெட்டரியே தேவையில்லை! விசிறியை மாற்றிய பிறகு வாங்கும் பெட்டரி பாதி அளவில் போதும். சோக் வைத்த பழைய ட்யூப் லைட், கதவு ரப்பர் பிய்ந்த குளிர்சாதனப் பெட்டி, வெயில் படும் முகப்பு முழுவதும் கண்ணாடி வைத்து உள்ளே ஏசி போட்ட கடை இவற்றுக்கெல்லாம் இதே கணக்குத்தான். கடல்மட்டத்திலிருந்து உயர்ந்த, மாலையில் குளிர்காற்று இறங்கும் கண்டிப் பிரதேசத்தில் கொழும்பைப் பார்த்துக் கண்ணாடிக் கட்டடம் கட்டுவது ஏன் என்று நமக்கு விளங்குவதில்லை. ஒப்பந்தத் தேவை 42 கேவீஏக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு இன்னொரு செலவும் இருக்கிறது. மாதத்தில் எந்தப் பதினைந்து நிமிடத்தில் பாவனை உச்சத்தைத் தொட்டதோ அதற்கு கேவீஏ கணக்கில் தனிக்கட்டணம். பழைய மோட்டார்களும் கம்பிரசர்களும் ஒரே நேரத்தில் இயங்கினால் அந்தத் தொகை ஏறும். ஒரு கெப்பாசிட்டர் தொகுதி பூட்டுவதாலும், இயந்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாக இயக்குவதாலும் அதைக் குறைக்கலாம். இதற்கு அரசாங்கத்தின் அனுமதி எதுவும் வேண்டியதில்லை.

42 கேவீஏக்குக் கீழே இருக்கும் சிறிய கடைகளுக்கு வருவோம். பெரிய நிறுவனத்துக்குப் பகல், உச்சம், உச்சமற்ற நேரம் என்று மூன்று விலைகள் இருக்கின்றன. சிறிய கடையின் பட்டியலிலோ பெரும்பாலும் எத்தனை அலகு என்பது மட்டும்தான். எந்த மணித்தியாலத்தில் பாவித்தார் என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் பலனில்லை. இரவில் பாவனையைக் குறைக்கும் கடைக்காரருக்கு அதன் பலன் அவருடைய கட்டணத்திலேயே தெரிய வேண்டும். நேரத்தைப் பதிவு செய்யும் மீற்றரை விரும்பிக் கேட்கும் ஒவ்வொரு சிறு வியாபாரிக்கும் மின்சார சபை கொடுக்க வேண்டும்.

மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க முடிவாகியிருக்கிறது. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டமும் அதன் 2025 திருத்தமும் அதற்கு வழி செய்திருக்கின்றன. விநியோகத்தைப் பொறுப்பேற்கும் கம்பனி எதுவாயினும், அது ஒவ்வொரு மின்மாற்றியிலும் இன்னும் எத்தனை கிலோவாட் சோலார் சேர்க்க இடமிருக்கிறது என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். இன்று ஒரு விண்ணப்பம் மறுக்கப்பட்டால் "மின்மாற்றி நிறைந்துவிட்டது" என்பதோடு முடிகிறது. பெட்டரியோடு வருபவருக்கும் பெட்டரி இல்லாமல் வருபவருக்கும் ஒரே பதிலைச் சொல்வது அநியாயம். முன்னவர் நண்பகலில் மின்மாற்றிக்கு ஏற்றும் பாரம் குறைவு. இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு இந்தப் பதிலுக்குக் கால எல்லையும் எழுத்துமூலக் காரணமும் கட்டாயமாக்க வேண்டும்.

முன்மாதிரிக்கு வெளிநாடு போகவேண்டிய அவசியமும் இல்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் லெகோ மின்விநியோக நிறுவனம் சிறுவலையமைப்பு (மைக்ரோகிரிட்) ஒன்றை அமைத்திருக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்று, சோலார், பெட்டரி, டீசல் நான்கையும் சேர்த்த தொகுதிக்கு இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. கடல் சூழ்ந்த தீவுக்குத் தனி மின்சாரம் வேண்டும் என்பது எல்லோருக்கும் புரிகிறது. வெள்ளமும் மண்சரிவும் சூழ்ந்த மலைநாட்டு ஊரும் சில நாட்களுக்குத் தீவுதான். அக்குறணை பஸாருக்கு மின்சாரம் தரும் ஒரு கம்பிவழியைத் தெரிந்தெடுத்து, அதிலுள்ள கடைகளின் கூரைகளையும் பெட்டரிகளையும் சேர்த்து இயக்கும் முதல் வர்த்தகச் சிறுவலையமைப்பை இங்கே தொடங்கலாம். இங்கே பெய்யும் மழை பிங்கா ஓயாவில் இறங்கி, கட்டுகஸ்தோட்டையில் மகாவலியோடு சேர்ந்து, பொல்கொல்லையில் திசைதிருப்பப்பட்டு, சுரங்கவழியே உக்குவளை மின்னிலையத்துக்கு 1976 முதல் போய்க்கொண்டிருக்கிறது. அரை நூற்றாண்டாக நாட்டுக்குத் தண்ணீர் கொடுத்த பள்ளத்தாக்கு, தன் வெயிலையும் கொடுக்கத் தயாராக இருக்கிறது.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லவேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய பஸாரில் மலிவுப் பெட்டரிகளைக் கண்டபடி அடுக்கினால் தீ ஒரு கடையோடு நிற்காது. லிதியம் அயர்ன் பொஸ்பேட் போன்ற பாதுகாப்பான வகை, வெள்ளமட்டத்துக்கு மேலே காற்றோட்டமுள்ள அறை, தகுதிபெற்ற மின்பொறியாளரின் சான்றிதழ் என்று நிலைபெறுதகு வலு அதிகார சபை தெளிவான விதிகளை இப்போதே எழுத வேண்டும். விபத்துக்குப் பிறகு எழுதும் விதி எல்லோரையும் தண்டிக்கும்.

ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. வர்த்தகர்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஒன்றாக அமர்ந்து, எந்தக் கட்டடத்தில் இரவு ஏழு மணிக்கு எத்தனை கிலோவாட் ஓடுகிறது, அதில் எது மின்வெட்டிலும் நிற்கக்கூடாது, எது நின்றாலும் பாதகமில்லை என்று ஒரு பட்டியலைத் தயாரிக்கலாம். ஒவ்வொரு கடையாகப் போய் முறையிடுவதைவிட, அந்தப் பட்டியலோடு கண்டியிலுள்ள மின்சார சபையின் பிரதேச அலுவலகத்துக்குப் போனால் பேச்சு வேறாக இருக்கும். பொறியியலாளருக்குத் தேவை எண்கள். அவற்றைச் சேகரிக்க ஒரு கிளாம்ப் மீற்றரும், ஒவ்வொரு கடையிலும் இரவில் சில நிமிடங்களும் போதும்.