பூட்டு இலவசம், பூட்டுத் தொழிலாளியின் உழைப்பும் இலவசமா?

பெங்களூருவின் தென்கோடியில், ஓசூரைத் தொட்டுக் கிடக்கும் ஆனேக்கல் தாலுகாவில் இருக்கிறது எலெக்ட்ரானிக் சிட்டி. 1978இல் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம், அதன் தலைவர் ஆர்.கே.பாலிகாவின் முனைப்பில், கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கர் நிலத்தைப் பெற்று அதை உருவாக்கியது. பொதுத்துறை இட்ட அந்த அடித்தளத்தின் மீதுதான் பெருநிறுவனங்கள் எழுந்து நிற்கின்றன. அங்கே தலைமையகம் கொண்டுள்ள இன்போசிஸ் 2024-25ஆம் நிதியாண்டில் ஈட்டிய நிகர லாபம் மட்டும் 26,713 கோடி ரூபாய்.

நிலத்தைப் பற்றிய இந்த உண்மை பலரும் அறிந்தது. கண்ணுக்குப் புலப்படாத மற்றோர் அடித்தளமும் உண்டு. வங்கிக் கணக்கைத் திறக்கும் கடவுச்சொல், மருத்துவமனையின் நோயாளிப் பதிவு, தொழிற்சங்கத் தோழர்கள் பரிமாறும் செய்தி ஆகிய அனைத்தும் வழியில் எவரும் படிக்க இயலாதவாறு மறையாக்கம் செய்யப்பட்டே பயணிக்கின்றன. 2024-25இல் யுபிஐ வழியாக நடந்த 18,587 கோடிப் பரிவர்த்தனைகளும் இவ்வாறே காக்கப்பட்டவை. இந்த மறையாக்கத்தை ஒவ்வொரு நிறுவனமும் தானே எழுதிக்கொள்வதில்லை, எழுதவும் கூடாது. எவரும் எடுத்துப் பயன்படுத்தத்தக்க திறந்த மூல நிரலகங்களிலிருந்தே பெரும்பாலும் அது பெறப்படுகிறது. அவற்றில் மிகப் பரவலானது ஓப்பன்எஸ்எஸ்எல்.

ஒரே ஒரு முழுநேர ஊழியர்

இதன் மூலம் 1995இல் ஆஸ்திரேலிய நிரலாளர் இருவர் எழுதிய எஸ்எஸ்எல்இஏஒய். வலுவான மறையாக்கத்தை அமெரிக்கா போர்த்தளவாடப் பட்டியலில் வைத்து ஏற்றுமதியைத் தடுத்திருந்த காலம் அது. 1998இன் இறுதியில் அப்பணியை ஏற்றுத் தொடர்ந்த தன்னார்வலர்கள் அதற்கு ஓப்பன்எஸ்எஸ்எல் எனப் பெயரிட்டனர்.

2014 ஏப்ரல் 7 அன்று ஹார்ட்பிளீட் என்ற பிழை வெளியுலகிற்கு அறிவிக்கப்பட்டது. எதிர்முனை கேட்கும் அளவு சரியானதா என்று சோதிக்காமல் விட்ட ஒரு சிறு தவறு. அதன் வழியே, ஒவ்வொரு கோரிக்கைக்கும் 64 கிலோபைட் வரை வழங்கியின் நினைவகத்திலிருந்து எவரும் களவாட முடிந்தது. கடவுச்சொற்கள் மட்டுமன்றி இரகசியச் சாவிகளும் அதில் அடங்கும். ஈராண்டுகளாக அப்பிழை அங்கேயே இருந்தது. உலகின் பாதுகாப்பான இணைய வழங்கிகளில் ஏறத்தாழ ஆறில் ஒன்று பாதிப்புக்கு உள்ளாயிற்று. அதன்பின்தான் ஓர் உண்மை அம்பலமானது: உலக வணிகத்தையே காத்து நின்ற அந்த நிரலகத்தில் முழுநேரமாகப் பணியாற்றியவர் ஒரே ஒருவர், அதற்கு வந்துகொண்டிருந்த நன்கொடையோ ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்.

பதறிப்போன பெருநிறுவனங்கள் 12 ஒன்றுகூடி, லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் ஒரு நிதியத்தைத் தொடங்கின. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் வீதம் மூன்றாண்டுகள் தர ஒப்புக்கொண்டன. அந்தப் பன்னிரண்டில் இந்திய நிறுவனம் ஒன்றுகூட இல்லை.

பெயர்த்தமைத்தல் என்னும் முடிவற்ற வேலை

எழுதி முடித்த நிரலுக்கு இவ்வளவு பராமரிப்பு எதற்கு என்று கேட்கலாம். மறையாக்க நிரலகம் ஒரே ஒரு கணினியில் ஓடுவதன்று. விண்டோஸ், லினக்ஸ், மேக் மட்டுமல்ல. வங்கிகளின் பெருங்கணினிகள், கைப்பேசிகள் என வெவ்வேறு இயங்குதளங்களிலும் வெவ்வேறு செயலிச் சில்லுகளிலும் அது ஒரே விடையைத் தர வேண்டும். எண்ணின் பைட்டுகளைச் சில சில்லுகள் முன்னிருந்து அடுக்கும், சில பின்னிருந்து அடுக்கும். விடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. கணக்கிட எடுக்கும் நேரத்தை அளந்தே இரகசியச் சாவியை ஊகித்துவிட முடியும் என்பது 1996இலேயே நிறுவப்பட்டது. ஆகவே சாவி எதுவாயினும் ஒரே நேரம் எடுக்குமாறு நிரல் எழுத வேண்டும். வேகத்தைக் கூட்டும் நோக்கில் நிரல்பெயர்ப்பி அந்த ஒழுங்கைக் குலைத்துவிடவும் கூடும். சில்லு மாறும்தோறும் இச்சோதனை புதிதாகத் தொடங்குகிறது.

தற்போக்கான எண்களை எங்கிருந்து பெறுவது என்பதும் இயங்குதளத்துக்கு இயங்குதளம் மாறும். இங்கே நேரும் பிழையின் விலை என்ன என்பதை டெபியன் லினக்ஸ் காட்டியது. 2006இல் அதன் பொதியைப் பராமரித்தவர்கள், ஒரு சோதனைக் கருவி எழுப்பிய எச்சரிக்கையை நீக்குவதற்காக ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் இரு வரிகளை முடக்கினர். எண்ணிலடங்காதவையாக இருக்க வேண்டிய சாவிகள் ஒவ்வொரு வகையிலும் 32,768 என்ற எண்ணிக்கைக்குள் சுருங்கிப்போயின. 2008 மே மாதத்தில்தான் அது வெளிப்பட்டது. அவ்வரிகளை முடக்கியவர்கள் கயவர்கள் அல்லர். அவர்களது மாற்றத்தை அமர்ந்து சரிபார்க்க, நேரமும் ஊதியமும் உடைய ஆட்கள் இல்லை என்பதே பிழையின் வேர்.

மூன்று வாதங்கள்

முதல் வாதம்: திறந்த மூலத்தைப் பல்லாயிரம் கண்கள் பார்க்கின்றன, பிழை தானே அகப்படும். ஈராண்டு மறைந்திருந்த ஹார்ட்பிளீடும் ஏறத்தாழ ஈராண்டு மறைந்திருந்த டெபியன் பிழையும் இதற்கு விடை. பார்க்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு; பார்க்கும் வேலை எவருக்கும் ஒதுக்கப்படவில்லை.

இரண்டாம் வாதம்: இது தன்னார்வப் பணி, விரும்பிச் செய்கிறார்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்க நிரலகத்தில் ஒரு பின்கதவு கண்டுபிடிக்கப்பட்டது. சோர்ந்துபோயிருந்த, ஊதியமில்லாத ஒற்றைப் பராமரிப்பாளருக்கு உதவுவதுபோல் நடித்து, ஈராண்டுக்கு மேல் நம்பிக்கை வளர்த்த புனைபெயர் ஒன்று அதைச் செருகியிருந்தது. தொலைவழங்கிகளில் நுழையும் வாயிலே அதன் இலக்கு. நுழைவில் அரை விநாடி தாமதத்தைக் கண்டு ஐயுற்ற ஒரு பொறியாளரால்தான் உலகம் தப்பியது. சுரண்டப்படும் தன்னார்வத்தின் சோர்வே அங்கு தாக்குதலின் நுழைவாயிலாயிற்று. வாரம் 70 மணி நேரம் உழைக்கச் சொல்லும் இன்போசிஸ் நிறுவனரும், 2024இல் 14 மணி நேர வேலைநாளுக்கு வழிதேடிய நிறுவனங்களும் இருக்கும் ஊரில், எந்த இளம் பொறியாளருக்குத் தன்னார்வத்துக்கு நேரம் மிஞ்சும்? அந்த 14 மணி நேரத் திட்டத்தைக் களத்தில் எதிர்த்தது கர்நாடக மாநில ஐ.டி. ஊழியர் சங்கம்.

மூன்றாம் வாதம் தேசபக்தி வேடம் பூண்டது: அயலார் நிரல் எதற்கு, சுதேசி மறையாக்கத்தை மூடிய கதவுக்குள் செய்துகொள்வோம் என்பது. மூடிய கதவின் இலட்சணம் அமெரிக்காவிலேயே தெரிந்தது. ஐயத்துக்குரிய ஓர் எண்பிறப்பு முறையை ஆர்எஸ்ஏ நிறுவனம் தன் பொருளில் முதன்மையாக வைக்க, அமெரிக்க உளவு முகமையான என்எஸ்ஏ ஒரு கோடி டாலர் கொடுத்ததாக 2013 டிசம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. எவரும் சோதிக்க முடியாத பூட்டு பூட்டன்று. அதை நம்புவது குருட்டு நம்பிக்கை.

அரசு செய்ததும் செய்யாததும்

2015 மார்ச்சில் ஒன்றிய அரசு திறந்த மூல மென்பொருளை ஏற்பதற்கான கொள்கையை வெளியிட்டது. ஏற்பதற்குக் கொள்கை உண்டு, பேணுவதற்கு? அதே ஆண்டு செப்டம்பரில் வெளியான தேசிய மறையாக்கக் கொள்கையின் வரைவோ, குடிமக்கள் தம் செய்திகளை மறையாக்கம் அற்ற வடிவில் 90 நாள் வைத்திருந்து, கேட்டபோது காட்ட வேண்டும் என்றது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. பூட்டைச் செப்பனிடக் காசில்லை. பூட்டை உடைக்க மட்டும் ஆவல்.

சென்னை ஐஐடியின் சக்தி, சி-டாக்கின் வேகா ஆகிய உள்நாட்டுச் சில்லுகள் ரிஸ்க்-வி வடிவமைப்பில் உருவானவை. அவை பெருமைக்குரியவையே. ஆனால் அச்சில்லில் மறையாக்க நிரலகத்தைப் பெயர்த்தமைத்து, வேகமும் பாதுகாப்பும் சோதித்து, ஆண்டுதோறும் பேணும் உழைப்புக்கு நிலையான பொதுநிதி இல்லையெனில், சுயசார்பு என்பது சில்லோடு நின்றுபோகும். 2024 ஆகஸ்டில் குவாண்டம் கணினிகளையும் தாக்குப்பிடிக்கும் புதிய மறையாக்கத் தரங்கள் வெளியாயின. பழைய கருவிகள் அனைத்திலும் அவற்றைக் கொண்டுசேர்க்கும் பெருவேலை காத்திருக்கிறது.

வழி இல்லாமலில்லை. ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அலுவலகம் போட்டான் என்ற திறந்த மறையாக்க நிரலகத்தைத் தேர்ந்து, அதைச் சீர்படுத்தும் பணிக்கு அரசுப் பணம் கொடுத்தது. 2022 முதல் அந்நாடு திறந்த மூல அடித்தளங்களைப் பேணத் தனி நிதியமே நடத்துகிறது. பெங்களூருவின் ஜெரோதா 2024 அக்டோபரில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் நிதியம் ஒன்றைத் தொடங்கியது. வரவேற்கத்தக்கதே, ஆயினும் ஒரு பங்குத்தரகு நிறுவனத்தின் நல்லெண்ணம் நாட்டின் கொள்கை ஆகாது.

நீர்க்கட்டியின் பங்கு

ஏரிப்பாசனம் இருந்த தமிழக, கர்நாடகக் கிராமங்களில் மதகைத் திறந்து மூடி, கரையைக் காத்தவர் நீர்க்கட்டி; கன்னடத்தில் நீருகண்டி. ஏரி பொதுவென்பதால் அவர் உழைப்பு இலவசம் என்று ஊர் சொல்லவில்லை. விளைச்சலில் தானியப் பங்கு அளந்தது. அந்த ஏற்பாட்டைப் புகழ்ந்து பாட வேண்டியதில்லை. பல ஊர்களில் அது தலித் மக்கள் மீது சுமத்தப்பட்ட சாதிக்கடமை. பங்கும் மேலோர் மனம்போல அளந்ததே. ஆகவேதான் பொதுச்சொத்தைப் பேணுவோரின் ஊதியம் தயவாக அன்றி உரிமையாக இருக்க வேண்டும். திறந்த மூலம் பொதுவுடைமையின் தீவு, அதுவே போதும் என்று மயங்கும் நண்பர்களுக்கும் இதுவே பதில்: உடைமை பொதுவாகி, உழைப்பின் பலன் மட்டும் தனியாரிடம் சேருமாயின் அது பொதுவுடைமை அன்று, முதலாளிக்குக் கிடைத்த மானியம்.

கோரிக்கைகள் தெளிவானவை. மறையாக்க நிரலகங்களைப் பேணவும் பெயர்த்தமைக்கவும் ஒன்றிய அரசு நிரந்தரப் பொதுநிதி ஒதுக்க வேண்டும். சி-டாக்கிலும் பல்கலைக்கழகங்களிலும் இதற்கென நிரந்தரப் பணியிடங்கள் வேண்டும். ஏற்றுமதியில் கொழிக்கும் மென்பொருள் நிறுவனங்கள் மீது இதற்கெனச் சிறு தீர்வை விதிக்க வேண்டும். பொதுநிதியில் எழுதப்படும் நிரல் அனைத்தும் திறந்ததாகவே இருக்க வேண்டும். திறந்த மூலப் பராமரிப்பில் செலவிடும் நேரத்தை ஊதியத்துடன் கூடிய வேலைநேரமாக ஏற்க வேண்டும் என்பதை ஐ.டி. சங்கங்கள் தம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். மடிக்கணினி முன் அமர்ந்து பூட்டைச் செப்பனிடுபவரும் தொழிலாளியே. அவர் கூலியைக் கேட்பதும் தொழிற்சங்கத்தின் வேலையே.