பெரம்பூரில் குடும்பம் நடத்தலாமா?

எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடி வீடு விற்பனைக்கு வந்தது. பெரம்பூர் ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். மூன்று படுக்கையறை, 1,250 சதுர அடி, இரண்டு பக்கமும் காற்றோட்டம். வீட்டுக்காரர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாவி என்னிடம் இருந்ததால், பார்க்க வந்தவர்களுக்கு நான்தான் கதவைத் திறந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் வந்தது. வயதான அம்மா சமையலறைக் குழாயைத் திறந்து, உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து வாயில் ஊற்றிப் பார்த்தார். மருமகள் பீரோ வைக்கிற சுவரை முழம்போட்டு அளந்தார். சின்னப் பையன் பால்கனியை விட்டு நகரவில்லை. எல்லோருக்கும் வீடு பிடித்துவிட்டது. படியிறங்கும்போது அந்த அம்மாவின் மகன் என்னைத் தனியே நிறுத்திக் குரலைத் தாழ்த்தினார்: "வீடு ஓகே சார். ஏரியா எப்படி? ஃபேமிலியா இருக்கலாமா?"

நான் இரண்டு பெண்களை வளர்த்துப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்த வீட்டின் வாசலில் நின்று கேட்ட கேள்வி அது. பெரம்பூர் இருக்கிற வடசென்னை என்றால் குடும்பத்துக்கு ஆகாது என்ற எண்ணம் சென்னையில் அவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது. கத்தியும் கஞ்சாவும்தான் வடசென்னை என்று திரும்பத் திரும்பக் காட்டிய சினிமாவுக்கும் இதில் பங்குண்டு. இந்த எண்ணம் பொய். பொய் மட்டுமல்ல, அநியாயமும்கூட.

உழைக்கிற குடும்பங்கள் கட்டிய ஊர் இது. ரயில்வே பணிமனைகளையும் பின்னி ஆலைகளையும் நம்பித் தலைமுறை தலைமுறையாக இங்கே அடுப்பு எரிந்தது. 1918-இல் திரு.வி.க.வும் பி.பி. வாடியாவும் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியது இந்த ஆலைத் தொழிலாளர்களுக்காகத்தான். 1955-இல் ஐ.சி.எஃப். வந்தது, வந்தே பாரத் ரயில் முதலில் உருவானதும் அங்கேதான். பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் 1975-லேயே இதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்தார்கள். இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் பைபாஸ் அதுதான். சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் பெரம்பூர். ஒரு குடும்பத்துக்கு வேறென்ன வேண்டும்?

குறையே இல்லையென்று நான் சொல்லவில்லை. கொடுங்கையூர் குப்பைமேடு இருக்கிறது. காற்று திரும்பினால் மணலி ஆலைகளின் நெடி வரும். கனமழைக்குக் கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கும். ஆனால், குப்பையையும் புகையையும் வடக்கே தள்ளியது இந்த மாநகரம். தள்ளிவிட்டு, "அங்கே மனுஷன் இருப்பானா?" என்று கேட்பது என்ன நியாயம்?

இதே ஆட்கள் தெற்கே போனால் இப்படியா விசாரிக்கிறார்கள்? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரங்களைத் தூர்த்து எழுப்பிய கட்டடங்களில் இருபது வருடக் கடன் போட்டு வாங்குகிறார்கள். பழைய மாமல்லபுரம் சாலையில் லாரித் தண்ணீரை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயல் மழையிலும் வேளச்சேரிக்காரர்கள் படகேறித்தான் வெளியே வந்தார்கள். வடக்கிலும் தண்ணீர் நின்றது, மறுக்கவில்லை. ஆனால் தெற்கே நின்றால் அது மழையின் குற்றம். வடக்கே நின்றால் அது ஏரியாவின் லட்சணம். இந்த இரட்டை அளவுகோலைத்தான் கண்டிக்கிறேன்.

இப்போது புதிதாக ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது: "ஏரியா மாறிடுச்சு சார், டீசன்ட் ஆளுங்க வந்துட்டாங்க." 1996-இல் மூடப்பட்ட பின்னி ஆலையின் நிலத்தில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. மெட்ரோ சுரங்கப் பணி நடக்கிறது. புளியந்தோப்பிலும் ஓட்டேரியிலும் கட்டுகிற வீட்டையும் 'பெரம்பூர்' என்றே விளம்பரப்படுத்துகிறார்கள். இதைப் பாராட்டென்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. இதுவரை இங்கே வாழ்ந்தவர்கள் டீசன்ட் இல்லை என்பதுதானே அதன் பொருள்? மாறியது கட்டடம், மனிதர்கள் முன்பும் நல்லவர்கள்தான். நள்ளிரவில் எனக்கு நெஞ்சு வலித்தபோது ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஓடிவந்தவர் எதிர்ச் சந்துக்காரர். வாடகை பேசவே இல்லை.

வீடு வாங்கப் போகிறவர்களே, விசாரியுங்கள், விசாரிக்காமல் வாங்காதீர்கள். தாய்ப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றிதழையும் பாருங்கள். நிலத்தில் உங்கள் பங்கு, அந்த யு.டி.எஸ்., எத்தனை சதுர அடி என்று கேளுங்கள். மழைக்குத் தெருவில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கும், மெட்ரோ வாட்டர் எத்தனை மணிக்கு வரும், லிஃப்ட் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். இவையெல்லாம் வீட்டைப் பற்றிய கேள்விகள். "அங்கே எந்த மாதிரி ஆளுங்க?" என்பது அக்கம்பக்கத்தாரின் சாதியையும் வருமானத்தையும் துருவுகிற கேள்வி. அதைக் கேட்காதீர்கள்.

அன்று அவருக்கு நான் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன்: இங்கே குடும்பங்கள்தான் இருக்கின்றன. நீங்களும் வாருங்கள்.