பளபளப்பு பாட்டிலில் இல்லை, வாளியில் இருக்கிறது!

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னையின் ஏதாவது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில் போய் நின்றால் இரண்டு காட்சிகளைப் பார்க்கலாம். ஒரு பக்கம், கார் துடைக்கும் அண்ணன் ஒருவர் ஒரே வாளி, ஒரே துணியோடு பத்துப் பன்னிரண்டு கார்களை முடித்துவிட்டு அடுத்த தெருவுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். இன்னொரு பக்கம், கார் பைத்தியம் பிடித்த ஓர் இளைஞர் டிக்கியைத் திறந்து ஷாம்பு, கிளே பார், காம்பவுண்ட், பாலீஷ், வாக்ஸ், செராமிக் ஸ்பிரே என்று பாட்டில்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருப்பார். பக்கத்தில் புத்தம் புதிய பாலீஷிங் மெஷின் வேறு.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த இளைஞர் ஞாயிற்றுக்கிழமை மெஷின் போட்டு நீக்கும் மெல்லிய கோடுகளில் பெரும்பாலானவை, மற்ற ஆறு நாட்களும் அந்த ஒரே வாளியாலும் ஒரே துணியாலும் விழுந்தவை. திங்கட்கிழமை காலை அதே துணி மறுபடியும் வரும். கோடுகளும் மறுபடியும் வரும். கார் டீடெய்லிங் என்ற பொழுதுபோக்கில் நம் ஊரில் பணம் தலைகீழாகச் செலவாகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

வட்டி இல்லை, முதல்!

முதலில் காரின் பெயிண்ட் எவ்வளவு தடிமன் என்று பார்ப்போம். இன்றைய கார்களில் தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட் என்று நான்கு அடுக்குகள் இருக்கும். எல்லாம் சேர்த்து சுமார் 100 முதல் 150 மைக்ரான். அதாவது ஒரு ஜெராக்ஸ் தாளின் தடிமனை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அதிலும் கிளியர் கோட் மட்டும் சுமார் 40 மைக்ரான். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பது, பளபளப்பைத் தருவது எல்லாமே இந்த 40 மைக்ரான்தான்.

பாலீஷ் போடுவது என்றால் கோடுகளை நிரப்புவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது நேர் எதிர். கோட்டின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து எடுத்துச் சமமாக்குவதுதான் பாலீஷ். ஒவ்வொரு முறையும் ஓரிரு மைக்ரான் போகும். கனமான காம்பவுண்ட் என்றால் இன்னும் அதிகம் போகும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு தடவைக்கு 3 மைக்ரான், வருடத்துக்கு இரண்டு தடவை என்று வைத்துக்கொண்டால் ஐந்து வருடத்தில் 30 மைக்ரான். மீதம் 10! அப்புறம் பானெட்டிலும் கூரையிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்து தோல் உரிவதைப் போல உரிய ஆரம்பிக்கும். அதற்கு எந்த பாட்டிலிலும் மருந்து கிடையாது. மறுபடி பெயிண்ட் அடிப்பது ஒன்றுதான் வழி. வட்டியில் செலவு செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு முதலையே எடுத்துத் தின்பதற்கு இது சமம்.

மெஷின் நல்லது, அவசரம் கெட்டது

இதனால் மெஷினே கூடாது என்று ஆகிவிடாது. ரோட்டரி மெஷின் ஒரே அச்சில் சுற்றும். வேகமாக வெட்டும், வேகமாகச் சூடாகும். கதவு ஓரம், பாடி லைன் மாதிரியான இடங்களில் பெயிண்ட் மெலிதாக இருக்கும் என்பதால் சில நொடிகள் அசந்தால் நிறமே தேய்ந்து போகும். டூயல் ஆக்ஷன் மெஷின் சுற்றுவதோடு சேர்ந்து ஊசலாடவும் செய்வதால் சூடு குறைவு. அதிகமாக அழுத்தினால் பெரும்பாலான மாடல்களில் சுற்றுவதே நின்றுவிடும். கற்றுக்குட்டிக்கு இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு! இத்தாலியின் ரூபெஸ் நிறுவனம் 15, 21 மில்லிமீட்டர் அலைவு கொண்ட மெஷின்களைக் கொண்டுவந்த பிறகு, ரோட்டரி இல்லாமலேயே பெரிய வேலைகளைச் செய்ய முடிகிறது.

ஆனால் மெஷின் வாங்குகிறவர்களில் எத்தனை பேர் பெயிண்ட் தடிமன் மீட்டர் வாங்குகிறார்கள்? அந்த மீட்டர் மொத்தத் தடிமனைத்தான் காட்டும், கிளியர் கோட்டைத் தனியாகக் காட்டாது. சாதாரண மீட்டர் பிளாஸ்டிக் பம்பரில் வேலையும் செய்யாது. இருந்தாலும், ஏற்கனவே ரீபெயிண்ட் ஆன கதவையும், ஏற்கனவே தேய்ந்து போன கூரையையும் அது காட்டிக்கொடுத்துவிடும். அளந்து பார்க்காமல் தேய்ப்பது பேலன்ஸ் பார்க்காமல் செக் எழுதுவது மாதிரி. புதுப்பேட்டை மாதிரி பழைய உதிரிபாகக் கடைகளில் ஒரு பழைய பானெட்டை வாங்கி முதலில் அதில் பழகிக்கொண்டால் சொந்தக் கார் தப்பிக்கும்.

9எச் என்னும் மாயம்

அடுத்தது விளம்பரம். "9எச் கடினம்" என்று போடாத செராமிக் கோட்டிங் டப்பாவே இல்லை. இதைப் படிப்பவர் வைரத்துக்கு 10, இதற்கு 9 என்று நினைத்துக்கொள்கிறார். அது மோஸ் அளவுகோல். 9எச் என்பதோ பென்சிலின் அளவு! ஐஎஸ்ஓ 15184 என்ற தர விதிப்படி 9பி முதல் 9எச் வரை உள்ள பென்சில்களால் பூச்சின் மேல் கீறிப் பார்க்கும் சோதனை அது. 9எச் பென்சிலுக்குத் தாங்கும் பூச்சு, தெரு மண்ணுக்கும் தாங்கும் என்று அர்த்தம் இல்லை. மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் மோஸ் அளவில் 7. அது பென்சிலை விடப் பலமடங்கு கடினமானது.

ஷோரூமில் புதுக் காரோடு தலையில் கட்டப்படும் "டெஃப்லான் கோட்டிங்" இன்னொரு கதை. டெஃப்லான் உருகும் வெப்பநிலை 327 டிகிரி செல்சியஸ். தோசைக்கல்லில் அது ஒட்டுவதற்கு அந்த அளவு சூடாக்க வேண்டும். காரின் மேல்பூச்சைத் தொழிற்சாலையிலேயே சுமார் 140 டிகிரியில்தான் சுடுகிறார்கள். கையால் துணி வைத்துத் தேய்த்தால் எப்படி ஒட்டும்?

செராமிக் கோட்டிங் முழுப் பொய் என்று சொல்வதும் தவறு. தண்ணீர் உருண்டு ஓடும், அழுக்கு சீக்கிரம் விடும், பறவை எச்சத்தைத் துடைக்க நேரம் கிடைக்கும். இவை உண்மையான பலன்கள். ஆனால் தவறான முறையில் கழுவினால் அதன் மேலும் கோடு விழத்தான் செய்யும். போர் தண்ணீர் காய்ந்தால் கால்சியம் புள்ளிகள் அதன் மேலும் படியத்தான் செய்யும்.

உண்மையில் என்ன வேண்டும்?

இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் கையுறையை அலச வெறும் தண்ணீர். அடியில் மண் தங்க ஒரு சல்லடைத் தட்டு. பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், அது வாக்ஸையும் சேர்த்துக் கழுவிவிடும். துடைக்க சில மைக்ரோஃபைபர் துண்டுகள், சக்கரத்துக்குத் தனித் துண்டு. அவற்றைத் துவைக்கும்போது ஃபேப்ரிக் சாஃப்டனர் போடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, காய்ந்த தூசியை வெறும் துணியால் துடைக்கவே கூடாது.

2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டதைப் பார்த்தவர்களுக்குத் தண்ணீர்க் கவலையும் இருக்கும். ரின்ஸ்லெஸ் வாஷ் என்ற வகை திரவம் அதற்குப் பொருத்தமானது. சேறு ஒட்டாத கார் என்றால் ஒரு வாளியிலேயே வேலை முடிந்துவிடும், ஹோஸ் பைப் தேவையில்லை.

அந்த அண்ணன் என்ன செய்வார்?

இவ்வளவும் தெரிந்த பிறகு பலரும் செய்வது கார் துடைக்கும் அண்ணனைக் குறை சொல்வதுதான். "அந்த ஆள் காரை நாசம் பண்ணிட்டான்" என்ற புலம்பல் கார் பிரியர்கள் கூடும் இடமெல்லாம் கேட்கும். மாதத்துக்குச் சில நூறு ரூபாய் கொடுத்து, தினமும் துடைக்கச் சொல்லி, சொந்தமாகத் துணியும் கொண்டுவரச் சொன்னால் அவர் வேறு என்ன செய்ய முடியும்? பன்னிரண்டாவது காரைத் தொடும்போது அந்தத் துணியில் பதினொரு கார்களின் மண் இருக்கிறது. அந்த மண்ணுக்கு அவர் பொறுப்பில்லை, அந்த ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்ட கார்க்காரர்களே பொறுப்பு.

தீர்வு ரொம்ப எளிது. காருக்கென்று இரண்டு வாளி, கையுறை, துண்டு வாங்கி வீட்டிலேயே வைத்துவிடலாம். ஒரு நல்ல செராமிக் கிட்டின் விலையில் பாதிகூட ஆகாது. "தினமும் துடைக்க வேண்டாம் அண்ணே, வாரம் இரண்டு தடவை நன்றாகக் கழுவினால் போதும்" என்று சொல்லலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட நின்று முறையையும் காட்டிக்கொடுக்கலாம். முக்கியமான விஷயம், நாள் குறைந்தது என்று சம்பளத்தைக் குறைக்கக்கூடாது. ஒரு கழுவலுக்கு நேரம் அதிகம் ஆவதால் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தாலும் தப்பில்லை.

"பொழுதுபோக்கு என்றால் பணம் செலவாகத்தான் செய்யும், அதில் என்ன கணக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பாட்டில் சேர்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, மெஷின் பிடிப்பதிலும் இருக்கிறது. ஆனால் காரின் மேல் உண்மையான பிரியம் இருப்பவர், அந்த 40 மைக்ரானை முடிந்தவரை தொடாமல் காப்பாற்றத்தானே ஆசைப்பட வேண்டும்?

அடுத்த பாட்டிலை ஆர்டர் செய்வதற்கு முன்னால் ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து, சொந்தக் காரை யார், எந்தத் துணியால் துடைக்கிறார் என்று கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்தால் நல்லது. வாங்க வேண்டியது என்ன என்பது அங்கேயே தெரிந்துவிடும்.