உக்குவளையின் மெகாவாட்டும் லயன் வீட்டு விறகுக் கட்டும்

மாத்தளை மாவட்டத்தில் மூன்று பெரிய நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன. பொல்கொல்லையிலிருந்து சுரங்கம் வழியாக வரும் மகாவலி நீரில் 1976 முதல் உக்குவளை இயங்குகிறது. அதன் வலு 40 மெகாவாட். போவத்தென்ன 40, மொரகஹகந்த 25. மொத்தம் 105 மெகாவாட்.

திறப்பு விழாக்களில் சொல்லப்படும் இந்த மெகாவாட், மின்சாரம் எவ்வளவு வேகமாக உற்பத்தியாகிறது என்பதை மட்டுமே காட்டும். நமது மின்பட்டியலில் வருவது அலகு. ஒரு கிலோவாட் வலு ஒரு மணித்தியாலம் ஓடினால் அது ஓர் அலகு. மூன்று நிலையங்களும் முழு வலுவில் ஒரு மணித்தியாலம் ஓடினால் 105,000 அலகு கிடைக்கும். மாதம் 30 அலகு பாவிக்கும் 3,500 வீடுகளுக்கு அது ஒரு மாதத்துக்குப் போதும். எப்போதும் முழு வலுவில் ஓடுவதில்லை என்பது வேறு விடயம். வயல்களுக்குத் திறக்கும் நீரைப் பொறுத்தே உற்பத்தியும் அமையும்.

அதே 30 அலகுக்கு, 2022 ஓகஸ்ட் கட்டண உயர்வுக்கு முன்னர் நிலையான கட்டணத்துடன் 105 ரூபா செலுத்தினோம். 2023 பெப்ரவரியில் அது 1,300 ரூபாவானது. அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. பின்னர் கட்டணம் இறங்கியது உண்மை. ஆனால் ஒரு பல்பும் ஒரு தொலைக்காட்சியும் உள்ள லயன் வீடு ஒருநாள் சம்பளத்துக்கு மேல் கட்டிய மாதங்களும் இருந்தன.

சமையலுக்கும் இதே கணக்குத்தான். 3.6 மெகாயூல் ஓர் அலகு. 12.5 கிலோ எரிவாயு சிலிண்டரில் சுமார் 160 அலகு வெப்பம் இருக்கிறது. 2022 ஏப்ரலில் அதன் விலை 4,860 ரூபா. அதாவது அலகுக்கு 30 ரூபா. அதை வாங்க முடியாதவர்கள் விறகுக்குத் திரும்பினார்கள். ஒரு கிலோ காய்ந்த விறகில் நாலரை அலகு வரை இருந்தாலும், திறந்த அடுப்பில் பானைக்குச் சேர்வது அரை அலகுதான். எரிவாயு அடுப்பில் ஏறத்தாழப் பாதி பானைக்குச் சேரும். ஆக, ஒரு சிலிண்டரின் வேலையைச் செய்யச் சுமார் 150 கிலோ விறகு வேண்டும். 25 கிலோ கட்டாகக் கட்டினால் ஆறு கட்டு. கொழுந்து பறித்து முடித்த பெண்கள்தான் பெரும்பாலும் அதைத் தலையில் சுமந்தார்கள்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்குக்கு மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக அளந்த வடக்கு மக்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. தட்டுப்பாடு வரும்போது அதன் சுமை எந்தத் தலையில் இறங்கும் என்பது நமக்குத் தெரியும்.

அடுத்த கட்டண மாற்றம் வரும்போது அரசாங்கம் சராசரி வீதத்தைச் சொல்லும். நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 30 அலகு பாவிக்கும் வீட்டுக்கு அது எத்தனை ரூபா, எத்தனை மணித்தியால உழைப்பு?