புகாருக்கு வழி விடுங்கள்!

ஆபீசில் திட்டு, அடி, அவமானம். யாரிடம் போய்ச் சொல்வது? "நமக்கு எதுக்கு வம்பு, வேலை போயிடும்" என்று வாயை மூடிக்கொள்கிறவர்களே அதிகம். விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் நினைத்தால், இப்படியே விட்டுவிட முடியாது என்று தோன்றுகிறது.

2021 பிப்ரவரி. முதலமைச்சரின் சுற்றுப்பயணப் பாதுகாப்புக்குப் போன பெண் ஐ.பி.எஸ். அதிகாரியிடம், அப்போதைய சிறப்பு டி.ஜி.பி. ராஜேஷ் தாஸ் காரில் தகாத முறையில் நடந்ததாகப் புகார். அதைக் கொடுக்கச் சென்னைக்குப் புறப்பட்ட அந்த அதிகாரியின் காரைப் பரனூர் டோல்கேட்டில் வழிமறித்தார்கள். மறித்தவர்களும் போலீசாரே! போலீஸ் அதிகாரிக்கே இந்தக் கதி என்றால், டைப்பிஸ்ட் பெண்ணுக்கு என்ன கதி?

ஆனாலும் புகார் போய்ச் சேர்ந்தது. அரசு விசாரணைக் கமிட்டி போட்டது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. ஐகோர்ட் தானாகவே கண்காணித்தது. 2023 ஜூன் 16-ல் விழுப்புரம் கோர்ட் அவருக்கு 3 ஆண்டு ஜெயில் தண்டனை விதித்தது. வழிமறித்த எஸ்.பி.க்கு 500 ரூபாய் அபராதம். 2024 பிப்ரவரியில் ஜில்லா கோர்ட்டும் தண்டனையை உறுதி செய்தது. அவர் மேல் கோர்ட்டுகளுக்குப் போனார். அந்த மே மாதம் சுப்ரீம் கோர்ட் சரணடைவதிலிருந்து விலக்கு கொடுத்தது.

அடுத்தது திண்டிவனம். நகராட்சி ஊழியர் ஒருவரைக் கவுன்சிலரின் காலில் விழ வைத்ததாக 2025-ல் புகார். வீடியோவை ஊரே பார்த்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு பதிவானது. யார் குற்றவாளி என்பதைக் கோர்ட் சொல்லட்டும். நம் கேள்வி வேறு. வீடியோ மட்டும் இல்லையென்றால் அந்த ஊழியரின் பேச்சை யார் கேட்டிருப்பார்கள்?

பெண்களுக்குப் பாலியல் தொல்லை என்றால் 2013-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் கமிட்டி கட்டாயம். இல்லாவிட்டால் முதலாளிக்கு 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். "நம்ம கடையில நாலு பேர்தானே" என்பவர்களும் தப்ப முடியாது. அவர்களுக்கு ஜில்லா அளவில் ஒரு கமிட்டி உண்டு. 3 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். பெண் கேட்டால் 3 மாதம் வரை லீவுக்கும் சிபாரிசு செய்யலாம்.

அடிக்கும், கெட்ட வார்த்தைக்கும் இப்படி ஒரு கமிட்டி வைத்தால் என்ன? புகாரை வாங்கினால் ரசீது கொடுங்கள். புகாருக்கு ஆளானவரையே விசாரிக்க உட்கார வைக்காதீர்கள். புகார் கொடுத்தவரைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றாதீர்கள். இதற்குப் பைசா செலவில்லை.

உங்கள் ஆபீஸ் கமிட்டியில் யார் யார் என்று நாளைக் காலையில் கேட்டுப் பாருங்கள். "தெரியாதே" என்று பதில் வந்தால், அங்கேயும் ஒரு டோல்கேட் குறுக்கே நிற்கிறது என்று அர்த்தம்!

காலில் விழுவது கோயிலோடு இருக்கட்டும். ஆபீசில் வேண்டாம்!