பழைய மாடல் ரயில் இன்ஜினை டிஜிட்டல் கன்ட்ரோலரில் ஓட்டலாமா? ‘ஜீரோ’ குறுக்குவழி ஏன் வேண்டாம்?

பிரிட்டனில் பல வீட்டுப் பரண்களில் இன்னும் ஓர் அட்டைப்பெட்டி கிடக்கிறது. உள்ளே, 1960களில் மார்கேட் நகரத் தொழிற்சாலையில் ‘ட்ரை-ஆங்’ நிறுவனம் தயாரித்த மாடல் ரயில் இன்ஜின். தாத்தா வாங்கியது, அப்பா ஓட்டியது. பேரன் கையில் இருப்பதோ டிஜிட்டல் கன்ட்ரோலர். இதுல அது ஓடுமா?

ஓடும். ஆனால், எப்படி ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்துதான் அந்த இன்ஜினின் ஆயுள்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

அனலாக் முறை ரொம்ப சிம்பிள். தண்டவாளத்தில் 0 முதல் 12 வோல்ட் வரை டிசி மின்சாரம். வோல்டேஜைக் கூட்டினால் வேகம் கூடும். பிளஸ், மைனஸை மாற்றினால் ரிவர்ஸில் போகும். சிக்கல் என்னன்னா, ஒரே தடத்தில் இரண்டு இன்ஜின்கள் நின்றால் இரண்டும் சேர்ந்தே கிளம்பும்.

‘டிசிசி’ எனும் டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். சுமார் 14-16 வோல்ட், திசை மாறி மாறிப் பாயும். கட்டளைகளும் அதிலேயே போகும். ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஓர் எண். உள்ளே இருக்கும் ‘டீகோடர்’ தன் எண்ணுக்கு வரும் கட்டளைக்கு மட்டுமே அசையும். டவர் ஒண்ணு, போன் நம்பர் வேற வேற என்பது மாதிரி. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய இதை, 1990களில் அமெரிக்க மாடல் ரயில் சங்கம் பொதுத் தரமாக ஏற்றது.

அதென்ன ‘ஜீரோ’?

டீகோடர் இல்லாத இன்ஜினுக்காகச் சில கன்ட்ரோலர்களில் ‘முகவரி 0’ என்றொரு வசதி உண்டு. சிக்னலில் வரும் ‘0’ பிட்டின் ஒரு பாதியை நீட்டினால், சராசரியாக ஒரு திசையில் மின்சாரம் கூடும். மோட்டார் அந்தப் பக்கமாகச் சுற்றும்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், இன்ஜின் நிற்கும்போதும் மின்சாரம் நிற்பதில்லை. மோட்டார் ‘கொர்ர்’ என்று ரீங்கரிக்கும், சூடாகும். ஓடுவதைவிடச் சும்மா நிற்பதுதான் அதற்கு ஆபத்து. இரும்பு உள்ளகம் இல்லாத ‘கோர்லெஸ்’ மோட்டார் என்றால் சீக்கிரமே கருகிவிடலாம். காசு மிச்சம் என்று சொல்பவர்கள், கருகிய மோட்டாருக்கு மாற்று தேடும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்?

டீகோடர் பொருத்துவதுதான் நேரான வழி. அதற்கு முன் மூன்று வேலைகள்:

1. சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, முதலில் அனலாக்கில் ஓட்டிப் பாருங்கள். அங்கேயே திக்கித் திணறும் இன்ஜினை டீகோடர் குணப்படுத்தாது.

2. 12 வோல்ட்டில் சக்கரத்தை ஒரு நொடி பிடித்து நிறுத்தி, எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அளக்கவும். பழைய மோட்டார்கள் பசி அதிகம் உள்ளவை. டீகோடரின் திறன் அந்த அளவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

3. முக்கியமானது இதுதான். பழைய இன்ஜின்கள் பலவற்றில் மோட்டாரின் ஒரு பிரஷ், உலோகச் சட்டத்தையே ஒயராகப் பயன்படுத்தும். அதைப் பிரித்து இன்சுலேட் செய்யாமல் மின்சாரம் கொடுத்தால் டீகோடர் காலி. மல்டிமீட்டரில் உறுதி செய்த பிறகே சிவப்பு, கறுப்பு ஒயர்களைத் தண்டவாள இணைப்புக்கும், ஆரஞ்சு, சாம்பல் ஒயர்களை மோட்டாருக்கும் கொடுக்க வேண்டும்.

எல்லாத்தையும் மாத்தணுமா?

தேவையில்லை. டீகோடரின் விலை இன்ஜினின் விலையைத் தாண்டலாம். வெட்டி ஒட்ட மனசு வராத இன்ஜினும் இருக்கும். அதற்குத் தனியாக ஓர் அனலாக் தடம் போதும். அந்தத் தடத்துக்கும் டிஜிட்டல் தடத்துக்கும் இடையே மட்டும் எந்த இணைப்பும் இருக்கக் கூடாது. நடுவில் ஒரு ரயில் கடந்தாலே இரண்டு கன்ட்ரோலர்களும் மோதிக்கொள்ளும்.

50 வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்த இயந்திரம் அது. முழுசாக மாற்றுங்கள், இல்லையென்றால் அதன் போக்கிலேயே ஓட விடுங்கள். அரைகுறையாக ‘ஜீரோ’வில் ஓட்டுவது மட்டும் வேண்டாம்.