கல் எங்கே நிற்கிறது?

கோயமுத்தூரைச் சுற்றிச் சோளக் காடுகள் பல மனையிடங்களாகிவிட்டன. ஏக்கரில் பேசிய விலையை இன்று சென்ட்டில் பேசுகிறார்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. நூறடி எல்லையில் கற்கள் ஓரடி தள்ளி நின்றால் ஏறத்தாழக் கால் சென்ட் கை மாறிவிடும். பணக்காரனுக்கு அது சில்லறை; இரண்டு சென்ட் வீட்டுக்காரனுக்கோ அது அடுப்படி!

சர்வேயர் வேலை வெறும் கணக்கு வேலையன்று. 1923-ஆம் ஆண்டின் சர்வே, எல்லைச் சட்டப்படி, எல்லைத் தகராறில் சர்வே அதிகாரி கூறும் தீர்ப்பின்மீது அப்பீல் செய்ய மூன்று மாதமே தவணை. சர்வே முடிந்ததென அறிவிப்பு வெளியான பின், சிவில் கோர்ட்டை நாட மூன்று ஆண்டு. அதையும் விட்டால் சர்வே காட்டிய எல்லையே முடிந்த முடிவு.

வசதியுள்ளவனின் தவணையை வக்கீல் காப்பார். மில் ஷிப்டுக்கும் கூலி வேலைக்கும் ஓடுகிறவர்களின் வீட்டில் நோட்டீஸ் பரணில் கிடக்கும். சங்கிலிக்குப் பதில் சாட்டிலைட் கருவி வந்தும் இந்த அநீதி தீரவில்லை.

சர்க்காரே, அளக்கும் நாளை ஊரறியச் சொல்! புலப்பட நகலை அங்கேயே கொடு! அப்பீல் தேதியை நோட்டீசின் தலையில் பெரிய எழுத்தில் அச்சிடு!

உழைக்கும் மக்களே, ஒரு நாள் கூலி போனாலும், அளக்கும்போது அருகிலேயே நில்லுங்கள்.